ஜெனரல் ஷிப்ட் என்றொரு குதிரை

குன்றத்தூர் அடிவாரத்தில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி, இடதுபக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது கன்னியப்பன் "அம்ப்ரெல்லா" என்கிறார். நாலைந்து பெண்கள் ஏறுகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் "டொமேட்டோ". தண்டலத்தில் "டைகர்". யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோலத்தான் சொல்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முதல் வாரம் மிரண்டுபோவார்கள். அடுத்த வாரம் தண்டலம் வந்ததும் அரைத்தூக்கத்தில் அவர்களே "டைகர்" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கன்னியப்பனிடம் ஒரு பந்தயக் குதிரை உண்டு. செல்போனுக்குள் ஓடும் குதிரை. லாயத்தின் சாவி என்று பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். மறந்தால் விளையாட்டை உண்டாக்கியவனே வந்தாலும் கதவு திறக்காது. தாளில் எழுதி வைத்தால் வீட்டில் சட்டையோடு துவைத்துவிடுவார்கள். அதனால் நிறுத்தத்துக்கு ஒரு சொல்லாகக் கட்டிவிட்டார். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை அவருக்குப் பன்னிரண்டு நிறுத்தம். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியதைத் தெய்வச் செயல் என்றே சொல்கிறார்.

"ண்ணா, இத்த எவனாச்சும் கேட்டுகினு இருந்தா குதிரைய ஓட்டிகினு பூடுவான்" என்று எச்சரித்தாள் ஷெர்லின். எப்போதும் கடைசியாக ஓடிவந்து ஏறி, டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்காரும் பெண். ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் லைன். கன்னியப்பனுக்கு இந்த விளையாட்டில் கணக்குத் திறந்து கொடுத்தவளும் அவளே.

"நம்ம பஸ் பொண்ணுங்களா? அதுங்களுக்குத் தூங்கவே டைம் பத்தல. இதுல குதிரை வேற திருடுமா?" என்றார் கன்னியப்பன்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகும் ஆள். மடிப்புக் கலையாத காக்கி, நெற்றியில் குங்குமம், ஸ்டியரிங்கைத் துடைக்க என்றே தனியாக ஒரு மஞ்சள் துணி. கம்பெனி பஸ்ஸில் வேகத்துக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். அறுபதைத் தொட்டால் பீப் பீப் என்று அலறும். அலறிய சூட்டோடு டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து போன் வரும். இத்தனை வருடத்தில் கன்னியப்பன் பஸ்ஸில் அது ஒருதரம்கூட அலறியதில்லை. யார் இறங்கினாலும் கால் தரையில் ஊன்றிவிட்டதா என்று பார்த்து, "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் கதவை மூடுவார். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி.

இப்படிப்பட்டவர் எதற்குக் குதிரைப் பந்தயத்துக்குப் போனார் என்று கேட்டால், காத்திருப்பதுதான் காரணம். ஷிப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றும்வரை கம்பெனிக்கு வெளியே மைதானத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கும். சிலர் சீட்டாடுவார்கள், சிலர் லக்கேஜ் பெட்டிக்குள் துண்டை விரித்துத் தூங்குவார்கள். கன்னியப்பனுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. பக்கத்து பஸ் டிரைவர் டில்லிபாபுவின் போனில் குதிரை ஓடுவதைப் பார்த்தார். மறுநாளே ஷெர்லினைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்தமாவே வாங்கலாமா? அப்புறம் எவனாச்சும் வந்து என்துன்னு சொன்னா?"

"சொல்ல முடியாதுண்ணா. இது பிளாக்செயின். உலகம் பூரா கம்ப்யூட்டர்ல உன் குதிரைன்னு பதிஞ்சிருக்கும். ஒருத்தன் நெனச்சா அழிக்க முடியாது."

"பட்டா மாரி."

"பட்டாவ வுட ஸ்ட்ராங்கு."

சிப்காட் வந்த நாளிலிருந்து நிலத்தகராறு பார்த்தே பழகிய மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? தீபாவளி போனஸ் அப்படியே குதிரையாகிவிட்டது.

ஆனால் வாங்கியதில்தான் வேடிக்கை. மற்றவர்கள் எது எத்தனை பந்தயத்தில் ஜெயித்தது என்று பார்த்து வாங்குவார்கள். கன்னியப்பன் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடிய நேரத்தை மட்டும் பார்த்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பெண் குதிரை. எந்தப் பந்தயத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்தது. அவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"பாரு ஷெர்லினு, முன்ன பின்ன ஆவுதா பாரு. இந்த மாரி டிரைவர் கெடச்சா கம்பெனிக்காரன் வுடுவானா?"

"ஆனா எல்லாத்துலயும் அஞ்சாவது, ஆறாவதுதாண்ணா வந்திருக்கு."

"அது மத்த குதிரைங்க பிரச்சன. இது கரெக்டா வருதுல்ல?"

நேரம் தவறாத அந்தக் குதிரைக்கு 'ஜெனரல் ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் அந்தப் பொன்னான ஷிப்ட் அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை.

ஜெனரல் ஷிப்ட் ஓடும்போது கன்னியப்பனைப் பார்க்க வேண்டும். டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்து பார்ப்பார். வண்டி அணைந்து கிடக்கும். ஆனால் குதிரை பின்தங்கினால் வலதுகால் ஆக்ஸிலேட்டரைப் போட்டு அமுக்கும். ஏதாவதொன்றை முந்தப் போனால் கை தானாக இண்டிகேட்டரைத் தட்டும். பந்தயம் முடிந்து குதிரை மூச்சு வாங்குவதுபோலத் திரையில் நின்றதும், பாட்டிலை எடுத்துத் தானே ஒரு மடக்குக் குடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாரவிடுமுறை. ஓடினாலும் களைக்காத குதிரை அது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று.

"கன்னி, உன் குதிரைக்கும் அறுபதுல பூட்டு போட்டு வெச்சிகிறாங்களாடா?" என்பார் டில்லிபாபு. மைதானமே சிரிக்கும். கன்னியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்குக் குதிரையை அனுப்புவார்.

சிரிக்காத ஒரே ஆள் அவர் மனைவி முத்துச்செல்வி. வாஷிங் மெஷினுக்கு என்று அவள் மனதில் ஒதுக்கி வைத்திருந்த போனஸ் அது. தினமும் காக்கிச் சட்டையின் காலரைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்ந்துபோனவளின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

"யோவ், அது மேல ஏற முடியுமா? தொட முடியுமா? ஒரு சாணி கூட போடாது. அதுக்கா போனஸு?" என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கி ஒரு கெடுவும் வைத்தாள். "இந்த மாசத்துக்குள்ள ஒரு தபா, ஒரே தபா ஜெயிக்கட்டும். வெச்சிக்கோ. இல்லாங்காட்டி வித்துட்டு மிஷினு வாங்கிப் போடு."

கன்னியப்பன் ஒப்புக்கொண்டார். விற்பதற்கு ஆள் தேட வேண்டியதுகூட இல்லை. ஏதோ தூரதேசத்துக்காரன் ஒருவன் வாங்கத் தயார் என்று விலை வைத்துவிட்டு, மாதக்கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். "அவன்கிட்ட எத்தினி குதிரை கீது?" என்று ஷெர்லினைக் கேட்டார். நூற்றுக்கும் மேல் என்றாள். "அப்ப ஒண்ணு பேரும் தெரியாது அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது, ஒரு சனிக்கிழமை. பந்தயத்தில் பன்னிரண்டு இடமும் நிரம்பினால்தான் ஓட்டம் தொடங்கும். கன்னியப்பன் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரண்டு இடம் காலியாகவே கிடக்கிறது. அதற்குள் மதியச் சங்கு ஊதி, பெண்கள் ஏறிவிட்டார்கள். சாவி திருகினால் போனைத் தொடமாட்டார். ஷெர்லின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வல்லம் தாண்டியபோது இடம் நிரம்பியது.

"ண்ணா, வுட்டுட்டாங்கண்ணா! ஓடுது!"

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து முன்சீட்டைச் சுற்றி நெருக்கினார்கள். குதிரையின் கெடு பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆறாவது... ஆறாவதுலயே போவுதுண்ணா. அய்யோ, ரெண்டு குதிரை அப்டியே படுத்துடுச்சு! நாலாவது! ண்ணா, மூணாவது!"

கன்னியப்பன் பார்வை சாலையை விட்டு அசையவில்லை. வலதுகால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

"ரெண்டாவதுண்ணா! தோ, முன்னாடி ஒண்ணுதான் கீது!"

பீப் பீப் பீப் என்று அலறியது பஸ். கன்னியப்பன் நெருப்பை மிதித்தவர்போலக் காலை எடுத்தார். முள் அறுபதிலிருந்து இறங்கியது. எதிரே வேகத்தடை, பிரேக்கை மெல்ல, மிக மெல்ல மிதித்து, நின்றுகொண்டிருந்த பெண்கள் அசையாதபடி பஸ்ஸை அதன்மேல் ஏற்றி இறக்கினார்.

"முடிஞ்சிருச்சுண்ணா" என்றாள் ஷெர்லின், சுருதி இறங்கி. "செகண்டு. தலை அளவு வித்தியாசம்தான்."

"டைமிங்கு?"

"எப்பவும் வர்ற டைமிங்குதாண்ணா. மத்ததுங்கதான் இன்னிக்கி சொதப்பிச்சு."

"அது கரெக்டா வந்துச்சுல்ல" என்றார் கன்னியப்பன். குரலில் பெருமை இருந்தது. அழுகையும் இருந்தது; முன்சீட்டுக்கு மட்டும் கேட்டது.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து போன் வந்து ஓய்ந்தது. பின்சீட்டிலிருந்து ஒருத்தி யோசனை சொன்னாள். "அக்காகிட்ட ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்கண்ணா. அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

கன்னியப்பன் மறுத்துத் தலையை ஆட்டினார். "உலகம் பூரா பதிஞ்சிருக்குமாம். ஷெர்லின்தான் சொன்னுச்சு. நான் ஒருத்தன் மாத்திச் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

நிறுத்தம் நிறுத்தமாகப் பெண்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி நின்று கையாட்டிவிட்டுப் போனார்கள். குன்றத்தூர் அடிவாரத்தில் ஷெர்லினும் போனை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். "ரைட்" என்று கதவை மூடி, பஸ்ஸை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே கன்னியப்பன் போனைத் திறந்தார். தூரதேசத்துக்காரனின் விலை அப்படியே நின்றது. சம்மதமா என்று கேட்கும் பச்சைப் பொத்தான் ஒளிர்ந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனவர், தொடாமல் நிறுத்தினார்.

இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஓரமாக ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு கையை நீட்டிக் கதவைத் திறந்தார். காலி பஸ். படிகளில் வெயில் விழுந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு, கடைசிப் படியையும் அதன் கீழே தரையையும், நாலு காலும் ஊன்றும் நேரம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்" என்று சொல்லிக் கதவை மூடினார்.