எறும்புக்கு வைத்த விருந்து

தறியில் எறும்பு ஏறாமலிருக்க வெல்லம் வைத்த ஒரே நெசவாளி காஞ்சிபுரத்தில் நானாகத்தான் இருப்பேன். பாவு நூலில் தடவிய கஞ்சிக்கு நாலு எறும்பு வந்திருந்தது. வெல்லத்தைக் கண்டால் கஞ்சியை விட்டுவிடும் என்று நினைத்து, தறிக்குக் கீழேயே ஒரு கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் ஊர் எறும்பெல்லாம் என் வீட்டில் இருந்தது. இழையைக் கடித்துவிட்டால் தறியில் இருந்த கல்யாணப் புடவை பாழ். முகூர்த்தத்துக்கு ஐந்தே நாள்.

என் மனைவி போட்ட கூச்சலில், தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். புருவம்வரை சாம்பல் படிந்த மனிதர். எந்தப் பாத்திரத்தையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். என் வெல்லத்தையும் எடுத்து மோந்தார்.

"நல்ல வெல்லம்பா. யோசனையும் நல்லாத்தான் இருக்குது, வச்ச எடம்தான் தப்பு. கொல்லையில கொண்டுபோயி வை."

மதியத்துக்குள் எறும்புகள் வெல்லத்தின் பின்னாலேயே போய்விட்டன. அவர் தன் அடுப்புச் சாம்பலில் எங்கள் வீட்டு மஞ்சள்தூளைக் கலந்து, தறியைச் சுற்றிக் கோடு போட்டார். ஓர் எறும்பும் அதைத் தாண்டவில்லை. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, துருத்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

புடவை பிழைத்தது பெரிதுதான். ஆனால் மனைவி எதிரில் என்னை முட்டாள் என்று சொல்லாமல் விட்டாரே, அதற்குத்தான் இன்றும் அவருக்கு மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

அவர் சொல்லாததை அன்றே மனைவி சொல்லிவிட்டாள்: "எறும்புக்கு விருந்து வெக்கத் தெரிஞ்சுதே, அந்த மனுசனுக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கத் தோணலியாய்யா உனக்கு?"