நீங்க மொதல்ல வெய்ங்க

எண்பதுகளின் தொடக்கத்தில், மொரப்பூர்ப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். ஊருக்குள் நாற்பது போன். தர்மபுரிக்குப் போக வர ஒரே ஒரு லைன். அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மீதிப் பேரெல்லாம் என்னைத்தான் திட்டுவார்கள்.

பேசி முடித்து ரிசீவரை வைத்தால் போர்டில் விளக்கு எரியும். நான் வயரைப் பிடுங்கி அடுத்தவருக்குச் செருகுவேன். இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான், ஆனால் எங்கள் ஊர்ச் சம்பந்திகளைப் பார்த்ததில்லை. மரியாதைப்பட்டவர்களிடம் முதலில் போனை வைப்பது, பந்தியில் பாதியில் எழுந்து போவது மாதிரி. இரண்டு பக்கமும் வைக்க மாட்டார்கள். நான் நடுவில் புகுந்து, "பேசறீங்களா?" என்பேன். அதுவரை மூச்சு விடாமல் இருந்தவர்கள், "பேசறோமுங்க" என்பார்கள். பேசுகிறவர்களைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி.

அந்தப் புதன்கிழமை அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைப் பெண் பார்த்துப் போன தர்மபுரிக்காரர், பதினொரு மணிக்குள் போனில் முடிவு சொல்வதாக ஏற்பாடு. வராவிட்டால் அப்பா பஸ் ஏறி நல்லம்பள்ளிக்குப் போய் இன்னொரு வரனுக்குச் சம்மதம் சொல்லிவிடுவார். நல்லம்பள்ளிக்காரர் வேலையை விடச் சொன்னவர். தர்மபுரிக்காரர், போர்டில் எத்தனை ஓட்டை என்று கேட்டவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பத்தரைக்கு ரைஸ்மில்காரர் தன் புதுச் சம்பந்தியைத் தர்மபுரியில் பிடித்தார். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்தது.

"நீங்க மொதல்ல வெய்ங்க."

"அய்யோ, நீங்க வெய்ங்க சம்பந்தி."

பத்து ஐம்பதுக்கும் அதே நிலை. அப்பா வாட்சைப் பார்த்துவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லைனில் புகுந்தேன்.

"நான் மூணு எண்ணறேனுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வெய்ங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

விளக்கு எரியவில்லை.

"வெச்சிட்டீங்களா சம்பந்தி?"

"இல்லீங்க. நீங்க?"

விதியாவது மண்ணாவது என்று வயரைப் பிடுங்கினேன்.

ரைஸ்மில்காரர் உடனே கூப்பிட்டார். குரலில் பதற்றம். "அவரு வெச்சிட்டாராம்மா?"

"இல்லீங்க, மழையில லைன் போயிடுச்சு."

"மழையா?" வெளியே மண்டை பிளக்கும் வெயில்.

"தர்மபுரியிலங்க."

அங்கே இருந்த ஆபரேட்டரம்மா, மொரப்பூரில் மழை என்று சம்பந்தியிடம் சொல்லி வைத்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். இருவருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, என்னைப் பெண் பார்த்துப் போன தர்மபுரிக்காரர் லைனில் வந்தார். அப்பாவைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்ககிட்டயே சொல்லலாம்னுதான்... எனக்குச் சம்மதமுங்க. உங்களுக்கு?"

"சம்மதமுங்க" என்றேன். வாசலில் இருந்த அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அப்பா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ரிசீவரை வைக்கும் சத்தமும் வரவில்லை. மறுபடி லைன் கேட்டு, போர்டில் ரைஸ்மில்காரரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ, தர்மபுரி ஆபரேட்டரம்மா நடுவில் புகுந்து கேட்டாள், "பேசறீங்களா?"

"பேசறோமுங்க" என்றேன்.