வீ எழுத்துக்காரன்

எனக்கு ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் தெரியும் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு மண்டபம் நிறைந்த பெற்றோருக்கு முன்னால் நிரூபித்தவன் நான். மகளின் பாடசாலைக் கூட்டத்தில் புதிதாக வந்த ரீச்சர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். நான் ஒன்றும் விளங்காமல் கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'வெக்கேஷன்' என்ற சொல் காதில் விழுந்தது. அந்நிய ஊரில் சொந்தக்காரனைக் கண்டதுபோல் சந்தோசப்பட்டுக் கைதட்டிவிட்டேன். நான் மட்டும்தான் தட்டினேன். இந்தமுறை விடுமுறையைக் குறைக்கிறார்கள் என்பதை அவர் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாராம். மகள் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

விடுமுறை மட்டுமல்ல, வயலின், வெல்வெட், வினாகிரி எல்லாமே எனக்கு நெருங்கிய சொந்தம்தான். அந்தச் சொந்தத்துக்கு ஒரு மணம் உண்டு. யூரியாப் பையின் காரமும் மழையில் நனைந்து காய்ந்த தாளின் புழுங்கலும் கலந்த மணம் அது. இப்போதும் உரக்கடைக்குப் போனால் எனக்கு உரம் மணப்பதில்லை, ஆங்கிலம்தான் மணக்கிறது.

உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் கரை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரேயொரு ஆங்கில அகராதி இருந்தது. பக்கத்து வளவுப் பத்மா அக்காவினுடையது. அவர் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார்; ஆங்கில ரீச்சராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. செங்கல் அளவு தடிப்பான அந்தப் புத்தகத்தில் பெயர்ச்சொற்களும், ஆட்கள், ஊர்கள், மலைகள், கிரகங்கள் ஆகியவற்றின் பெயர்களும் மட்டுமே இருந்தன. பக்கத்தில் தமிழில் கருத்துப் போட்டிருக்கும். தேடினாலும் ஒரு வினைச்சொல் அகப்படாது. அதனால் அதைப் படித்து யாரும் ஆங்கிலத்தில் ஒரு வசனம் பேசிவிட முடியாது என்பது அப்போது எங்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

ஷெல்லடி தொடங்கியபோது எங்கள் தாய்மாரிடம் ஒரு வழக்கம் வந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் மூன்றையும் ஒரே "பங்கர்" என்ற பதுங்குகுழிக்குள் விடமாட்டார்கள். ஒன்றைத் தம்மோடு வைத்துக்கொண்டு மற்றதுகளை அடுத்த வளவுப் பங்கர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஏனென்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர்கள் சொன்னதுமில்லை. ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்த அன்று பத்மா அக்கா தன் அகராதிக்கும் அதையே செய்தார். புத்தகத்தின் முதுகைக் கத்தியால் கீறி எழுத்தெழுத்தாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாக எங்கள் கைகளில் தந்தார். "எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவம் எண்டு என்ன நிச்சயம்? ஒண்டு போனாலும் மற்றது மிஞ்சும்," என்றார்.

தடித்த எழுத்துகளான எஸ்ஸும் சீயும் பொறுப்பான பிள்ளைகளுக்குப் போயின. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ விளையாட்டுப் பிள்ளை. எஸ்ஸைத் தந்தா பட்டம் கட்டிப்போடுவாய். இந்தா, வீ. மெல்லிய எழுத்து, உன்ர கெட்டித்தனத்துக்கு இது காணும்."

இப்படித்தான் நான் வீ எழுத்துக்காரன் ஆனேன். அந்தத் தாள்களை யூரியாப் பைக்குள் சுற்றி, சைக்கிளில் அம்மாவையும் தங்கச்சி சுதாவையும் பானை சட்டிகளையும் ஏற்றி உருட்டிக்கொண்டு, ஸ்கந்தபுரத்துக்கு அப்பாலுள்ள காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரிந்த எழுத்துகள் பிரிந்த திசைகளிலேயே போயின. எங்களோடு வந்த எழுத்து நான் மட்டும்தான்.

காட்டில் பள்ளிக்கூடம் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. வாசிக்கக் கிடைத்தது வீ மட்டுமே. ஒரு பாலை மரத்தின் கீழே கிடந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த நாட்களில் எனக்கு உண்டான வியப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வீனஸ் என்றொரு கிரகம் இருந்தது. வெனிஸ் என்ற ஊரில் தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடியது. உதடு அசையாமல் பேசுகிற வித்தைக்காரன் ஒருவனும், நெருப்பைக் கக்குகிற மலையும், பிணம் தின்னும் கழுகும், ராசா இல்லாத இடத்தில் ராசாவாக இருக்கிற வைஸ்ராயும் அங்கே இருந்தார்கள். எந்த நாடு, என்ன விலை, நல்லதா கெட்டதா என்றெல்லாம் பாராமல், முதலெழுத்தை மட்டும் பார்த்து அத்தனை பேரையும் யாரோ அருகருகே குடியிருத்தியிருந்தார்.

எங்கள் காட்டுக் குடியிருப்பும் அப்படித்தான். வந்த வரிசையில் கொட்டில் போட இடம் தந்தார்கள். வயற்காணிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்குப் பக்கத்தில் மலையகத்திலிருந்து வந்த மாரியண்ணன் குடும்பம் இருந்தது. ஊரில் வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று இருந்தவர்கள் இங்கே ஒரே கிணற்றில் வாளி விட்டோம். உலகம் முழுவதும் இப்படி ஒரு தாளில் அடுக்கத்தக்கதுதான் போலும் என்று நினைத்து, என்னுடைய பங்குக்கு 'வோல்ட்' என்ற நிலவறைக்கும் 'வீல்' என்ற கன்றிறைச்சிக்கும் நடுவிலே இருந்த சிறு இடைவெளியில் பென்சிலால் 'வவுனியா' என்று எழுதிவைத்தேன்.

மாரிமழை தொடங்கியதும் சுதாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் எல்லோருக்கும் வருகிற மலேரியாதான் என்று இருந்தோம். பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவை ஆரென்று கேட்டாள். மருந்து கொடுக்கிற கொட்டிலில் பனடோலும் முடிந்துபோயிருந்தது. உழவு இயந்திரம் இருந்தவர்களிடம் எண்ணெய் இல்லை. பாரதூரமான நோயாளிகளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வெளிநாட்டு உதவிக்காரரின் வெள்ளை வாகனங்களால் மட்டுமே முடியும். அவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் அப்படியொரு வாகனம் வந்து நின்றது. அதில் வந்தவர்கள் குடியிருப்பின் மறுகோடிக்குக் கிணறு பார்க்கப் போய்விட, உயரமான வெள்ளைக்காரி ஒருத்தி மட்டும் மரத்தடியில் நின்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீதானே இங்கிலீஸ் புள்ள! ஓடிப்போயி சொல்லுய்யா!" என்று மாரியண்ணன் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"கெதியாப் போடா, பிள்ளை கதைக்கிறாளில்லை," என்று அம்மா கொட்டிலுக்குள் இருந்து கத்தினார்.

போய் நின்றேன். காய்ச்சல் எஃப்பில் இருந்தது, அது வாய்க்கால் கரை ரூபனிடம். வைத்தியர் 'டீ' எழுத்தில், ஆஸ்பத்திரி 'எச்' எழுத்தில்; அவை எந்தக் காட்டில் எந்த மரத்தின் கீழே கிடக்கின்றனவோ! என் வாயைத் திறந்தபோது வந்த முதற்சொல் "வல்ச்சர்." அவர் அண்ணாந்து ஆகாயத்தில் கழுகைத் தேடினார். "வீனஸ்," என்றேன். அது பகலில் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். சுதாவின் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"வொல்கேனோ," என்றேன்.

சிரித்தபடியே குனிந்து நெற்றியில் கைவைத்தவரின் சிரிப்பு அங்கேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "வொல்கேனோ," என்று மெதுவாகத் தானும் சொன்னார். நான் வாசலைக் காட்டி "வெஹிக்கிள்" என்றேன். பிறகு நானே எழுதிச் சேர்த்த பெயரைச் சொன்னேன், "வவுனியா."

அகராதியில் இல்லாத வினைச்சொற்களையெல்லாம் அவர் செய்தார். தூக்கினார். ஓடினார். கதவைத் திறந்தார். அம்மாவையும் சுதாவையும் ஏற்றிக்கொண்டு வாகனம் செம்பாட்டுச் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போனது. இடமில்லாததால் நான் மாரியண்ணன் வீட்டில் நின்றேன். அவர்கள் திரும்பி வந்தபோது சுதாவின் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனால் என்னைக் கண்டதும் பழிப்புக் காட்டினாள். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்று உருத்திரபுரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, வயல் விளைகிறது, மகளின் போனில் இருபத்தாறு எழுத்துகளும் இருக்கின்றன. பத்மா அக்காவின் அகராதி மட்டும் ஒன்றுசேரவேயில்லை. என் வீ கடைசி இடப்பெயர்வில் போனது. சில எழுத்துகளோடு அவற்றைச் சுமந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். பத்மா அக்காவைப்பற்றி விசாரித்தால் ஒவ்வொருவர் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். எனக்கு விருப்பமான கதையை நான் நம்பிக்கொள்கிறேன்.

சுதா இப்போது கலியாணம் செய்து நெளுக்குளத்தில் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய பிள்ளைகளுக்கு, அவர்களின் தாயின் உயிரை மூன்றே சொல்லால் மீட்ட கதையைக் கையைக் காலை ஆட்டி மறுபடியும் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர்கள் விளையாடப் போனபிறகு சுதா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, அம்மா இருக்குமட்டும் சொல்லவேண்டாமெண்டவா, உனக்கு மனம் நோகுமெண்டு. அந்த வாகனத்தின்ர டிரைவர் பூவரசங்குளத்து ஆள். அந்தநேரம் முன் சீற்றில நித்திரையாக் கிடந்தவராம். வவுனியா மட்டும் அம்மாவோட தமிழிலதான் கதைச்சுக்கொண்டு வந்தவர். அந்த மனுசனைத் தட்டி எழுப்பி, தங்கச்சிக்குக் காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கலாமே, விசர் அண்ணா."