இரும்பு வாடை

அந்த வருடம் முசஃபாவில், கேரவன்கள் பழுதுபார்க்கும் ஒரு யார்டின் பின்பக்கம் நாங்கள் குடியிருந்தோம். வீடும் ஒரு பழைய கேரவன்தான். சக்கரங்களில் காற்று இல்லை. அம்மாவின் சிகிச்சைக்காக ஃபிளாட்டைக் காலி செய்த பிறகு, அப்பா வேலை பார்த்த அந்த யார்டின் முதலாளியான அர்பாப் அதைத் தங்கக் கொடுத்திருந்தார். அம்மாவுக்குப் புற்றுநோய். இன்று அதை ஒரே சொல்லில் எழுதிவிட முடிகிறது. ஒன்பது வயதில் எனக்குச் சொல்லப்பட்டது வேறு: இங்கே தண்ணீர் சரியில்லை.

வளைகுடாவில் இந்தக் காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. தோல் வறண்டால் தண்ணீர், முடி கொட்டினால் தண்ணீர். என் தோழிகளின் அம்மாக்களுக்கும் கொட்டியது. என் அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கொட்டியது, அவ்வளவுதான்.

எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அம்மாவுக்கு இரும்பு வாடை அடித்தது. கடையில் வாங்கிய கேனிலும் அதே வாடை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டு வந்த வாரங்களில் ஒரு டம்ளர்கூட உள்ளே போகாது. நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா ஏசி மெக்கானிக். குழாய்களை அவருக்குத் தெரியும்.

டேங்கர் தண்ணீரை முதலில் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டியிலும், பிறகு கரி நிரப்பிய குழாயிலும் விட்டார். கடைசியில், தண்ணீரை மென்மையாக்க மஞ்சள் மணிகள் அடைத்த ஓர் உருளை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உப்புக் கரைசல் ஊற்றி அந்த மணிகளைக் கழுவுவார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குவது என் வேலை. நுரை நின்றால் தண்ணீர் மென்மையானது. முதல் வாரமே நின்றது.

“என்னண்ணே, தண்ணியவே குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க? சோப்பு வேறயா?” என்பார் டேங்கர் ஓட்டி வரும் ராமநாதபுரத்து மாமா. அப்பா சிரிப்பார். உள்ளே அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கிய. வாடதான் போகல்ல.”

அப்பா மறுபடி ஸ்பானரை எடுப்பார்.

கோடை தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. எனக்குச் சந்தோஷம். சில வாரங்கள் கழித்து, ஒரு மதியம், அம்மா ஒரு டம்ளரை முழுதாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். “வாடையே இல்ல மக்களே. நல்ல ருசியா இருக்கு.” அவள் தலையில் மெல்லிசாக முடி முளைத்திருந்ததை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

யார்டுக்கு ஓடினேன். அப்பா ஒரு கேரவனின் கூரையில் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, தண்ணி சரியாயிட்டு. அம்மா ரெண்டு டம்ளர் குடிச்சா. முடியும் முளைக்கு.”

“ஜெயிச்சிட்டீங்களே அண்ணே,” என்றார் கீழே நின்ற டேங்கர் மாமா.

“அப்படியா மக்களே,” என்றார் அப்பா. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, அந்தச் சுடும் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பயனில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டால், நாக்குக்குப் பழைய ருசி திரும்பும் என்று டாக்டர் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

எனக்கு அது தெரியாது. அப்பா என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்று அம்மாவிடமே போய்ப் புகார் சொன்னேன்.

“அவியளுக்கு வெயில்ல வேல, மக்களே,” என்றாள் அம்மா. பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.