கவசம் விழுந்த இடம்

இங்கே காலைக் கூட்டங்களில் வருங்காலத்தை வெறுமனே சொல்கிறார்கள். "அது தாங்கும்", "இது மே மாதம் முடியும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடிக்கிறார்கள். திருகோணமலைக் கத்தோலிக்க வீடொன்றில் வளர்ந்த எனக்கு, இத்தனை ஆண்டுகளின் பின்னும் அது கூசுகிறது. பாலையூற்றில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் "நத்தாருக்கு வருவன்" என்றால், "ஆண்டவர் சித்தமெண்டால் எண்டு சொல்லு பிள்ளை" என்பார். நான் சொன்ன பிறகுதான் அடுத்த கதைக்குப் போவார்.

நான் வேலை செய்வது தெற்கு ஜேர்மனியில், செவ்வாய்க் கோளில் இறங்கும் கலமொன்றுக்கு வெப்பக் கவசம் வடிவமைத்த குழுவில். கலம் அந்த மெல்லிய காற்றுக்குள் பாயும்போது முன்னால் உள்ள வாயு நெருப்பாகக் காய்கிறது. கவசத்தை மூடியிருப்பவை தக்கைத் தூளும் பிசினும் சேர்த்து அழுத்திய ஓடுகள். அவை கருகிக் கருகி வெப்பத்தைத் தம்மோடு கொண்டுபோய்விடுகின்றன, எரிவதற்காகவே செய்யப்பட்டவை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலான பொருத்துகள் என் பொறுப்பு. அவற்றில் ஒன்று பிளந்தாலும் சூடு உள்ளே புகுந்து கலமே போய்விடும்.

இறுதிக் கூட்டத்தில் குழுத் தலைவி இங்கிரிட், "பொருத்துகள் தாங்குமா?" என்று கேட்டார். என் வாய் தன்பாட்டில் ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டது: "தாங்கும், கடவுள் சித்தமானால்." ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்களுக்குத் தெரியாத ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" என்றார் இங்கிரிட், மிகவும் கனிவாக. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று நான் விளக்க விளக்க, அவருடைய கவலை கூடியது. என் பொருத்துகளைச் சோதனைக்கூடத்தில் மறுபடியும் எரித்துப் பார்த்தார்கள். ஒரு பிளவும் இல்லை. அந்தச் சோதனையோடு என் டிசம்பர் நத்தார் விடுமுறை போனது. அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். "நல்லதுதானே, இன்னொருக்காப் பாத்திட்டினம்" என்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கலம் கோளை எட்டிய நாளில் நான் பாலையூற்றில் இருந்தேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டார்: "விழுந்திட்டுதோ?"

"விழுறேல்லை அம்மா, இறங்கிறது."

"சரி, இறங்கிட்டுதோ?"

"இன்னும் செய்தி வரேல்லை."

அவ்வளவு தூரத்திலிருந்து சைகை வந்துசேரப் பல நிமிடங்கள் ஆகும். பொருத்து பிளந்திருந்தால் அங்கே எல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் அத்தான், அக்காவின் கணவர், கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "பயப்பிடாதை. பழுதாப் போனாலும் அங்க போய்ப் பாக்க ஒருத்தராலயும் ஏலாது."

கைபேசி அதிர்ந்தது. இங்கிரிட் ஒரே சொல் அனுப்பியிருந்தார்: தாங்கின.

திரையை அத்தானிடம் நீட்டினேன். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அந்தக் கவசம் இப்ப எங்க?" என்றார்.

"பரசூட் விரிஞ்ச பிறகு கழட்டி விட்டிடும். கீழ எங்கயாவது கிடக்கும்."

"ஒருத்தரும் எடுக்க மாட்டினமோ?"

"இல்லை."

"இடத்துக்குப் பேராவது இருக்கோ?"

"வெறும் எண்தான்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பாடுபட்டது பேரில்லாத இடத்திலயோ கிடக்கிறது? பாலையூற்று எண்டு வை."

"மாமி, அங்க ஒரு சொட்டுத் தண்ணியில்லை" என்றார் அத்தான்.

"இஞ்ச மட்டும் குழாயில வருதோ?"

நான் திரும்பி வந்தபோது, இங்கிரிட் கலம் இறங்கிய சமவெளியின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். கவசம் விழுந்த புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'பாலையூற்று' என்று தமிழில் எழுதி, அடியில் அவர்கள் எழுத்தில் உச்சரிப்பையும் போட்டேன். "உங்கள் ஊரா?" என்று கேட்டார். "அம்மாவின் ஊர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இப்போது குழு முழுவதும் அந்தப் பெயரைத்தான், தங்கள் நாவுக்கு வந்தபடி, சொல்கிறது. "பலாயுட்டுவில் இன்று புழுதிக் காற்று" என்று காலைக் கூட்டத்தில் யாராவது சொல்லும்போது, அம்மா யன்னல்களைச் சாத்தியிருப்பாரா என்று ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.