விளிம்பு என்று எழுதிய இடம்

விமானங்களைப் பழுது பார்க்கும் அந்தக் கொட்டகையில் எல்லோரும் அவளை "விரிசல் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுவது அவள் வேலை. பதினான்கு வருடமாக வேறு வேலை தெரியாது. பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "அண்ணி, நம்ம குடும்பத்துல மட்டும் கருவிய வச்சிடாதீங்க" என்று நாத்தனார் சீண்டுவாள்.

கருவி என்னவோ டிபன் பெட்டி அளவுதான். உலோகத்தின் மேல் பசையைத் தடவி, ஒரு சின்ன முனையை அதில் நகர்த்தினால் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போகும். எதிலாவது முட்டினால் திரும்பி வந்து திரையில் முள்ளாக எழும்பும். ஆனால் ஒலி விரிசலில் மட்டுமா முட்டும்? போல்ட் துளையின் ஓரத்திலும் முட்டும். இரண்டு முள்ளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். துளையால் வந்தது என்றால் பதிவேட்டில் "விளிம்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

அன்று காலை, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு முள் எழும்பியது. துளை இருக்கும் தூரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றது; அப்படியென்றால் அது துளையின் ஓரம் இல்லை. பசையைத் துடைத்து மறுபடி தடவினாள், முனையை மாற்றினாள். முள் அசைவதாக இல்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய பதிவைத் திறந்தாள். அதே இடத்தில் அதே முள், கொஞ்சம் குட்டையாக. பக்கத்தில் "விளிம்பு". கீழே அவள் கையெழுத்து.

எட்டு மாதமாக அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறது.

புதிதாக வந்த விரிசல் என்று எழுதிவிட்டால் பழைய படத்தை யாரும் தோண்டப் போவதில்லை. பழைய படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த வேலை செய்வதற்கான சான்றிதழே பறிபோகலாம். கால்மணி நேரம் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, பயந்துதான் போனாள். பிறகு இரண்டு படங்களையும் மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேலாளரும் இந்த வேலையிலிருந்து மேலே போனவர்தான். அவள் விடுமுறை எடுத்தால் இன்றும் அவர்தான் கருவியைப் பிடிப்பார். வாய்க்கு வந்தபடி திட்டினார். பச்சைப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியுமே என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்பெனியின் ஐந்து விமானங்களிலும் "விளிம்பு" என்று எழுதியிருந்த இடங்களை ஒன்று விடாமல் சோதிக்கத் தானே இறங்கினார்.

பதினோரு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதியதில் இன்னொன்றும் விரிசலாக இருந்தால் என்ன செய்வது என்பதே நினைப்பு. ஆனது ஆச்சு என்று கணவன் சொன்னதற்கு அவன் மேல் எரிந்து விழுந்தாள். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மேலாளருக்குப் பேயறைந்த முகம். "அறுபத்திரண்டு இடம் பார்த்தாச்சும்மா. உங்களோடதுல வேற எதுவும் இல்ல" என்றார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இன்னொரு விரிசல் இருக்கு. கையெழுத்து என்னுது. வேற யாரும் இன்னும் பார்க்கல."

மறைத்துவிடலாமா என்று அவர் கேட்காமல் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விரிசலைப் பதிவு செய்யும் வெற்றுப் படிவம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க சார். முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."