முன்னால் வந்து நின்ற அப்பா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் எனக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது. முதுகலை ஆய்வேட்டுக்கு விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதினேன். துணைநூல் பட்டியலை அடித்து முடித்தபோதுதான் கவனித்தேன்: ஆய்வு பெண்களைப் பற்றி, பட்டியலில் அத்தனையும் ஆண்பெயர்.

அதில் ஒரு நூலில், சூளையில் சுடாத பீங்கான் பொம்மையில் மண்ணெண்ணெய் தடவினால் மறைந்திருக்கும் விரிசல் கோடாகத் தெரியும் என்று ஒரு பத்தி. தொழிலாளர்கள் சொன்னதாக ஆசிரியர் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருந்தார். எட்டு வயதிலேயே எனக்கு அதைச் சொன்னவர் அம்மா. நான் பிறக்கும் முன்பிருந்தே கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிறவர்.

நூலுக்குப் பதிலாக அம்மாவையே ஆதாரமாகக் காட்ட அனுமதி கேட்டேன். இரண்டு வாரம் நடக்கவிட்டு நெறியாளர் அம்மையார் சம்மதித்தார். ஆனால் துணைநூல் பட்டியல் விதிப்படி குடும்பப் பெயர் முன்னாலும், சொந்தப் பெயரின் முதலெழுத்து பின்னாலும் வர வேண்டுமாம். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்துப் போடச் சொன்னார். அம்மாவின் இனிஷியல் அப்பாவின் பெயர்.

திருத்தியதும் பட்டியலில் அப்பா முழுதாக வந்து உட்கார்ந்தார். அம்மா அவருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் நின்றார்.

வீட்டில் படித்துக் காட்டினேன். மினி வேன் ஓட்டும் அப்பா கம்பெனிக்குள் கால் வைத்ததே இல்லை. இதையெல்லாம் எப்போது சொன்னோம் என்று யோசித்தவர், சொல்லியிருப்போம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

"மண்ணெண்ண வாங்கியாங்கன்னா அதையே மறந்துட்டு வர்ற ஆளு" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "ஒத்த எழுத்த வச்சி அது நான்தான்னு யாருக்குடி தெரியும்?"

பட்டியலை மறுபடி எடுத்தேன். நூல்களின் அட்டையைத் தேடிப் பார்த்ததில், நான் ஆண்கள் என்று நினைத்தவர்களில் இருவர் பெண்கள். அவர்களுக்கு முன்னாலும் யாரோ ஒரு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவின் பெயரை இனிஷியல் இல்லாமல் முழுதாக எழுதினேன். நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'பெயர் முழுமையாக இல்லை' என்று எழுதினார். நான் மாற்றவில்லை. ஆய்வேட்டை அப்படியே பைண்டு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அட்டையில் மட்டும் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. என்னை யாராவது விதிப்படி மேற்கோள் காட்டினால், அந்த ஆய்வாளர் அப்பாதான். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.